கைப்பிடி அரிசியும் அசனச் சோறும்

திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டத்துக் கிறிஸ்தவச் சபைக் கிராமங்களில் ஒருவருடைய விசுவாசத்தைப் பற்றி யாரும் நேரடியாக விசாரிப்பதில்லை. "நேத்து ஏன் கோயிலுக்கு வரல?" என்று கேட்பார்கள். கேட்பவர் பக்கத்து வீட்டு ஆச்சியாக இருக்கலாம், சபை ஊழியராக இருக்கலாம், பலசரக்குக் கடைக்காரராகக்கூட இருக்கலாம். காய்ச்சல் என்று பதில் சொன்னால் சாயங்காலம் இரண்டு பேர் வீடு தேடி வந்து ஜெபம் பண்ணிவிட்டுப் போவார்கள். கையில் ஒரு பாக்கெட் ரொட்டியும் இருக்கும். வெளியூர்க்காரருக்கு அந்தக் கேள்வி எரிச்சலைத்தான் தரும். கேள்வியும் ரொட்டியும் ஒரே கையிலிருந்து வருகின்றன என்பது அங்கேயே வளர்ந்தவர்களுக்குத் தெரியும்.

கிறிஸ்தவம் என்றாலே மிஷனரி, மதமாற்றம், பிரசங்கம் என்று பேசிப் பழகிவிட்டோம். இந்தத் தென்கோடிச் சபைகளை இருநூறு ஆண்டுகளுக்கு மேல் நிறுத்தி வைத்திருப்பது அவற்றைவிடச் சாதாரணமான காரியங்கள். விடியற்காலை மணி, ராத்திரி குடும்ப ஜெபம், உலை வைக்கும்போது எடுத்து வைக்கிற ஒரு கைப்பிடி அரிசி, வருஷத்துக்கு ஒருமுறை ஊரே கூடி உண்கிற அசனம். இவற்றில் பெரும்பாலானவற்றைத் தனி ஆளாகச் செய்ய முடியாது, ஊர் வேண்டும். ஊர் கலைந்துகொண்டிருக்கிற இந்தக் காலத்தில் எது தாக்குப்பிடிக்கிறது, எது கழன்றுபோகிறது என்பதற்கான விடையும் அங்கேதான் இருக்கிறது.

ஊர் எப்படி உண்டானது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். பாளையங்கோட்டைச் சபையின் 1780ஆம் ஆண்டுப் பதிவேட்டில் இருந்தவர்கள் 40 பேர். தஞ்சாவூரிலிருந்து வந்த பிராமண விதவையான குளோரிந்தா அங்கே 1785இல் ஒரு சிறு ஆலயம் கட்டினார். பாப்பாத்தியம்மாள் கோயில் என்றே இன்றும் அதற்குப் பேர். அது கோட்டைக்குள் இருந்த சபை. கிராமப்புறத்தில் ஞானஸ்நானம் எடுத்தவர்களின் நிலைமை வேறு. பனையேறிப் பிழைத்த ஏழைக் குடும்பம் ஒன்று மதம் மாறினால் கிணற்றுத் தண்ணீர் நிற்கும், குடிசைக்குத் தீ வைப்பார்கள், வேலை போகும். அடிபட்டவர்களைக் குடியேற்றுவதற்காக உபதேசியார் தாவீது சுந்தரானந்தம் 1799இல் நிலம் பெற்று அமைத்த ஊர் முதலூர். பேரே சொல்கிறது, அதுதான் இந்தச் சபைகளின் முதல் கிறிஸ்தவ ஊர். 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனரி ரேனியஸ் ஐயர் (இங்கே போதகரை ஐயர் என்பார்கள்) இதை ஒரு திட்டமாகவே எடுத்துக்கொண்டு, 1830இல் தர்ம சங்கம் என்ற அமைப்பை ஏற்படுத்தி, காணிக்கைப் பணத்தில் நிலங்களை வாங்கி ஊர்களை அமைத்தார். நாசரேத், மெய்ஞ்ஞானபுரம், டோனாவூர், சாயர்புரம், சுவிசேஷபுரம், கடாட்சபுரம், அன்பின்நகரம் என்று பஸ் போர்டுகளில் இன்று நாம் வாசிக்கிற பெயர்களில் பல அந்த நூற்றாண்டில் பிறந்தவை.

இப்படி அமைந்த ஊரில் கோயில் நடுவில் இருக்கும், பக்கத்தில் பள்ளிக்கூடம், சுற்றிலும் நேர்த்தெருக்கள். மெய்ஞ்ஞானபுரத்துக் கோபுரம் 192 அடி. தேரிக்காட்டுச் செம்மண்ணும் பனையும் மட்டுமே இருந்த வெளியில் அது எத்தனை மைலுக்குத் தெரிந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நிலத்தைக் கொடுத்தது சபை, பிள்ளையைப் படிக்க வைத்தது சபை, வழக்கைத் தீர்த்து வைத்தது சபை, செத்தால் கல்லறைத் தோட்டத்தில் இடம் கொடுத்ததும் சபை. ஆகவே "சபையார்" என்றால் "ஊரார்" என்றே பொருள்பட்டது. கோயிலுக்கு வராத ஆளைத் தேடிப் போவது அந்த ஏற்பாட்டின் மிச்சம்.

அந்த ஊர்களில் நாள் மணியோசையில் விடியும். நாலரை, ஐந்து மணிக்கெல்லாம் கோயிலில் அருணோதய ஜெபம். எல்லோரும் போவதில்லை என்பது உண்மை. போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் வயதான பெண்கள். மற்றவர்கள் மணிச்சத்தத்தில் விழித்துப் புரண்டு படுப்பவர்கள். ஆனாலும் பனையேறிக்கு அது வேலைக்குக் கிளம்பும் நேரம், படிக்கிற பிள்ளைக்குப் புத்தகத்தை எடுக்கும் நேரம். மரண மணியை அடிக்கும் விதமே வேறு. அதைக் கேட்டதும் அடுப்படியிலிருந்து வெளியே வந்து "யாருக்கு?" என்று தெருவைப் பார்த்து நிற்பார்கள்.

ராத்திரி எட்டு மணி குடும்ப ஜெபத்துக்கு. ஒரு பாமாலை அல்லது கீர்த்தனை, வேதத்தில் ஒரு அதிகாரம், பிறகு ஜெபம். அதிகாரத்தை ஆளுக்கு இரண்டு வசனமாகச் சுற்றி வாசிப்பார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளைக்கும் முறை வரும். "நேபுகாத்நேச்சார்" என்ற பெயரில் சிக்கித் தவிக்காத பிள்ளை கிடையாது. தமிழ்நாட்டின் இந்த மூலையில் பெண்கள் இவ்வளவு சீக்கிரம் வாசிக்கக் கற்றதற்குப் பள்ளிக்கூடம் ஒரு காரணம் என்றால், கற்றதை மறக்கவிடாமல் வைத்திருந்தது இந்த எட்டு மணி வாசிப்பு. கடைசி ஜெபத்தை வீட்டின் மூத்தவர் செய்வார். அதை ஜெபம் என்பதா, ஊர்ச் செய்தி என்பதா என்று சந்தேகம் வரும். பம்பாயில் இருக்கிற மகன், பேறுகாலத்துக்கு வந்திருக்கிற மருமகள், கடனில் இருக்கிற மச்சினன், எதிர்வீட்டில் படுத்த படுக்கையாய்க் கிடக்கிற பெரியவர் என்று ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி வரும். பேச்சுவார்த்தை நின்றுபோன பங்காளியின் பெயரும் அதில் வரவேண்டும் என்பது எழுதாத விதி. பல்லைக் கடித்துக்கொண்டாவது சொல்லிவிடுவார்கள். தினமும் ஒருவனுக்காக ஜெபித்துக்கொண்டே அவனிடம் பேசாமல் இருப்பது வருஷக்கணக்கில் நடக்கிற காரியமில்லை.

பயணம் கிளம்பும் முன் 121ஆம் சங்கீதம், பயந்த பிள்ளைக்கு 91, துக்க வீட்டில் 90, எதற்கும் 23. மனப்பாடமாகத் தெரியாதவர் குறைவு. வசனத்தைத் தாயத்தாக்குகிறார்கள் என்று குறை சொல்ல இடம் உண்டு. புது வருஷ இரவில் கிடைக்கிற வாக்குத்தத்த வசன அட்டையைப் பஞ்சாங்கப் பலன் பார்ப்பது போலப் பார்க்கிறவர்களையும் எனக்குத் தெரியும். ஆனால் அவசரத்துக்குச் சொல்ல ஒரு வசனம் நாக்கில் இருப்பது, ஆஸ்பத்திரி வராந்தாவில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பவருக்கு எவ்வளவு பெரிய துணை என்பது உட்கார்ந்தவருக்குத்தான் தெரியும்.

இனி கைப்பிடி அரிசி. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இது பார்வைக்குச் சிறியது, செய்த வேலை பெரியது.

வீட்டில் எத்தனை பேர் என்று பார்த்து அரிசியை அளந்தாயிற்று. களைவதற்கு முன்னால் அதிலிருந்து ஒரு பிடியை எடுத்து, அடுப்படி மூலையில் இருக்கும் தனிப் பானையில் போட வேண்டும். அளந்த பிறகு எடுப்பதால் அந்த வேளைச் சோறு ஒரு பிடி குறையும். மிச்சத்திலிருந்து கொடுப்பதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அதுதான். வாரக் கடைசியில் பானையைக் கோயிலுக்குக் கொண்டுபோய்க் கொட்டுவார்கள். சேர்ந்த அரிசியை விற்ற பணம் ஊழியத்துக்குப் போகும், சில இடங்களில் அரிசியாகவே ஏழை வீட்டுக்குப் போகும். பதநீர் காலத்தில் மட்டும் கையில் காசு புழங்கிய குடும்பங்களில் பணக் காணிக்கை என்பது ஆணின் கையில் இருந்தது. அரிசிப் பானை பெண்ணின் கையில் இருந்தது. யாரிடமும் கேட்காமல் அவள் கொடுக்கக்கூடிய காணிக்கை இது ஒன்றுதான்.

இப்படிச் சில்லறையாகச் சேர்வது எதற்கு உதவும் என்று கேட்கலாம். 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியபோது அதன் கொள்கை, இந்தியரின் பணம், இந்திய ஊழியர், இந்தியரின் நிர்வாகம் என்பது. வெள்ளைக்காரர்களிடமிருந்து வாங்கியே பழகியிருந்த சபைகள் கொடுக்கிற இடத்துக்கு வந்தன. முன்னின்றவர்களில் ஒருவர் வெள்ளாளன்விளையில் பிறந்த வே. சா. அசரியா. நெல்லையிலிருந்து தெலுங்கு பேசும் தோர்ணக்கல் பகுதிக்கு ஊழியர்கள் போனார்கள், பிறகு அசரியாவும் போனார். 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். பணக்காரர்களின் நன்கொடையை மட்டும் நம்பியிருந்தால் இத்தனை காலம் நடந்திருக்காது. இதே கைப்பிடி அரிசிப் பழக்கம் மிசோரம் பிரஸ்பிட்டேரியன் சபையிலும் 1910 முதல் இருக்கிறது. அங்கே இன்றும் அது சபையின் பெரிய வருமானங்களில் ஒன்று. நம் பக்கம்தான் தேய்ந்துவிட்டது. ரேஷன் அரிசி காரணமா, குக்கர் காரணமா, கவர் காணிக்கை சுலபம் என்பதா, மூன்றும்தான். ஜிபே ஸ்டிக்கர் ஒட்டிய காணிக்கைப் பெட்டியைப் பார்த்துச் சிரிக்க எனக்கு ஒன்றுமில்லை, பணம் போய்ச் சேர்கிறது. ஆனால் தினமும் இரண்டு வேளை நினைத்துக் கொடுத்தது மாதத்துக்கு ஒருமுறை நினைத்துக் கொடுப்பதாக ஆகிவிட்டது.

பெண்களின் கை என்று சொன்னதால் லேஸ் பின்னலையும் சொல்ல வேண்டும். நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெண் பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். திருவிதாங்கூரில் அடிமை முறை இருந்த காலம் அது. பின்னி விற்ற காசைக் கொடுத்துத் தங்களை மீட்டுக்கொண்ட பெண்கள் உண்டு. மார்த்தாவின் மகளும் கால்டுவெல் ஐயரின் மனைவியுமான எலிசா அந்த வேலையை இடையன்குடிக்குக் கொண்டுவந்தார். கால்டுவெல் ஐயரைத் தமிழறிஞர் என்று கொண்டாடுகிற நாம் அந்த அம்மாளை நினைப்பதில்லை. விடுதலை என்று பிரசங்க பீடத்தில் கேட்டதை விரல்களால் சம்பாதித்தவர்கள் அந்தப் பெண்கள். "விசுவாசமும் கிரியைகளில்லாதிருந்தால் தன்னிலேதானே செத்ததாயிருக்கும்" என்ற யாக்கோபின் வசனத்துக்கு நான் கேட்ட விளக்கங்களில் இதற்கு மேல் ஒன்று இல்லை.

அறுப்பின் பண்டிகைக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். ஆராதனையில் பீடத்துக்கு முன்னால் படைத்த வாழைத்தார், பூசணி, கருப்பட்டி, சேவல், முட்டை எல்லாம் முடிந்ததும் வெளியே மரத்தடிக்கு வரும். ஏலம் ஆரம்பம். வாய்ச்சாலகமுள்ள ஒருவர் ஒரு எலுமிச்சம்பழத்தை உயர்த்திப் பிடித்து "ஒருதரம், ரெண்டுதரம்" என்று இழுப்பார். சந்தையில் ஐந்து ரூபாய் பெறுகிற பழம் ஐந்நூறைத் தாண்டும். எடுத்தவர் அதையே திரும்ப ஏலத்துக்குக் கொடுப்பார், அது மறுபடியும் விலை போகும். வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்தவரை இரண்டு பேர் உசுப்பேற்றிவிடுவதும், அவர் மனைவி கண்ணாலேயே தடுப்பதும் நடக்கும். பெருமைக்குக் கொடுக்கிறார்களா, பக்திக்குக் கொடுக்கிறார்களா என்று பிரித்தறிய முடியாது. கோயில் கூரைக்கு ஓடு மாற்றிய பணத்தில் இரண்டும் இருக்கிறது.

இவை எல்லாவற்றுக்கும் உச்சம் அசனம். பெரும்பாலும் கோயிலின் பிரதிஷ்டைப் பண்டிகையை ஒட்டி வரும். தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி, அதற்கு மேல் அரிசி மூட்டை, ஆட்டுக்கிடா, தேங்காய் என்று நேர்ச்சையாக வருகிறவை. முந்தின நாள் சாயங்காலமே கோயில் வளாகம் அடுப்படியாகிவிடும். தரையில் நீளமாகக் குழி வெட்டி வரிசையாக அண்டாக்கள். ஆண்கள் கறி வெட்ட, பெண்கள் வெங்காயம் உரித்துக்கொண்டே கதை பேச, இளவட்டங்கள் விறகு தள்ளிக்கொண்டு ராத்திரி முழுக்க விழித்திருப்பார்கள். சம்பளத்துக்குச் சமையல்காரர் வந்தாலும் உப்புப் பார்க்கிற உரிமை உள்ளூர்க் கிழவர் ஒருவருக்குத்தான். வடித்த சோற்றை விரித்த ஓலைப்பாய்களில் கொட்டுவார்கள். இடுப்பளவுக்குக் குவிந்து ஆவி பறக்கும். ஐயர் வந்து அதன் முன் நின்று ஜெபம் பண்ணினபிறகுதான் முதல் பந்தி. கலெக்டர் ஆபீஸில் வேலை பார்ப்பவரும் அவர் வீட்டு விறகு உடைப்பவரும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே வாளிச் சோற்றை வாங்குவார்கள். அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து இந்துக்களும் வருவார்கள், யாரும் யாரையும் கேட்பதில்லை. பந்தி முடிந்ததும் வீட்டுக்குப் பங்கு. முன்பு ஓலைப்பெட்டி, இப்போது தூக்குவாளி. நடக்க முடியாதவர்கள் வீட்டுக்கு அந்த வாளி போய்ச் சேர்ந்ததா என்று விசாரிக்க ஆள் இருக்கும்.

இதை எழுதிவிட்டுச் சாதியைப் பற்றி எழுதாமல் போனால் அது பொய்யாகிவிடும். சேர்ந்து உண்பது இந்தச் சபைகளில் முதலிலிருந்தே தகராறான விஷயம். ரேனியஸ் பாளையங்கோட்டையில் மாணவர்களை ஒரே பந்தியில் உட்கார வைத்தபோது பிள்ளைகள் வெளியேறினார்கள். 1833இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பியதும் தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் கோயிலை விட்டே போனார்கள். 1840களின் கடைசியில் மதுரை அமெரிக்க மிஷன் தன் ஊழியர்களுக்குச் சமபந்தியை ஒரு பரீட்சையாகவே வைத்தது. சாப்பிட மறுத்து வேலையை விட்டவர்கள் பலர். கொரிந்து சபையில் "ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்" என்று பவுல் கடிந்துகொண்டதும் பந்தியைப் பற்றித்தான் என்பதை நம் ஊர்ப் பிரசங்கங்களில் அதிகம் கேட்க முடியாது.

அந்தத் தகராறு முடிந்துவிடவில்லை. தனிக் கல்லறைத் தோட்டங்கள் தமிழ்நாட்டில் இன்றும் இருக்கின்றன, கத்தோலிக்கரிடமும் சீர்திருத்தச் சபையாரிடமும். அப்போதைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்கென்று தனிப் பங்கு, அதாவது தனி ஆலய நிர்வாகம், கேட்டதை ஒட்டி 2008 மார்ச்சில் மோதல் வெடித்து, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் இறந்தார்கள். நெல்லைப் பக்கம் சபைக் கிராமங்கள் பெரும்பாலும் ஒரே சாதி ஊர்களாக அமைந்ததால் அசனப் பந்தியில் வேற்றுமை தெரியாமலே போகிறது. கல்யாணப் பேச்சு வரும்போது தெரியும், பேராயரின் கீழுள்ள சபைகளின் நிர்வாகத்துக்கான திருமண்டலத் தேர்தல் வரும்போது அதைவிட நன்றாகத் தெரியும். பழக்கத்துக்கு உள்ள ஆபத்து இதுதான். அன்பைத் தலைமுறை தலைமுறையாகக் கடத்துகிற அதே குடும்ப ஜெபமும் ஊர்க்கூட்டமும், யாரோடு உறவு வைக்கலாம் யாரோடு கூடாது என்பதையும் சேர்த்தே கடத்தியிருக்கின்றன. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விடுவதற்கு யாராவது வாய் திறந்து பேச வேண்டியிருக்கிறது. ஐயர்மார் சிலர் பேசியிருக்கிறார்கள், மாறுதல் உத்தரவும் வாங்கியிருக்கிறார்கள்.

இப்போது ஊரில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. சென்னை, பெங்களூரு, மும்பை, துபாய் என்று பிழைக்கப் போனவர்கள் போன இடத்தில் தமிழ்ச் சபை கட்டியிருக்கிறார்கள். தாராவியில்கூட நெல்லை வாடை அடிக்கிற ஆராதனை உண்டு. கூடப் போன பழக்கங்கள் எவை என்று பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரிகிறது. வசனம் வாசிப்பதும் ஜெபமும் சுலபமாகப் பெட்டியில் அடங்கிப் போயின, செல்போனில் தினசரி வசனமாகவும் ஆகிவிட்டன. 2020 மார்ச்சில் கோயில்கள் பூட்டப்பட்டபோது குடும்ப ஜெபம் ஜூமுக்கு மாறியது. மூன்று நாட்டிலிருக்கிற பிள்ளைகள் ராத்திரி ஒன்றாகப் பாமாலை பாட, சத்தம் முன்னும் பின்னுமாக வந்து விழுந்தாலும், சில வீடுகளில் அது இன்றும் நிற்கவில்லை. ஊர் தேவைப்பட்ட பழக்கங்கள்தான் கூடப் போகவில்லை: மணி, நோயாளியைப் பார்க்கப் போவது, துக்க வீட்டில் மூன்று நாள் சோறு ஆக்கிக் கொடுப்பது. நகரத்தில் அந்த இடத்தைப் பெந்தெகொஸ்தே வீட்டுக் கூட்டங்கள் பிடித்துக்கொண்டன. சி.எஸ்.ஐ. என்கிற தென்னிந்தியத் திருச்சபைக்காரர்கள் அதைக் கைதட்டல், அந்நிய பாஷை என்று கிண்டல் செய்கிறார்கள். ஆனால் வாடகை வீட்டில் தனியாக இருக்கிற புதுப் பெண்ணை "நேத்து ஏன் வரல?" என்று போன் போட்டுக் கேட்பது பல இடங்களில் அவர்கள்தான். கத்தோலிக்கப் பங்குகள் இதைப் புரிந்துகொண்டு தெருவுக்கொரு அன்பியம் என்ற சிறு குழுவாகப் பிரித்து வைத்திருக்கின்றன. சில அன்பியங்கள் உயிரோடு இருக்கின்றன, சில ரெஜிஸ்டரில் மட்டும்.

ஊரில் எஞ்சியிருப்பவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். அசனத்துக்குக் கூட்டம் குறையவில்லை, வெளியூரிலிருந்து கார்களில் வந்துவிடுகிறார்கள். வரியையும் அவர்கள்தான் அதிகம் தருகிறார்கள். மற்ற 51 ஞாயிற்றுக்கிழமைகளில் பெஞ்சுகளை நிரப்புவதும், படுக்கையில் கிடப்பவருக்குக் கஞ்சி கொண்டுபோவதும், நற்கருணை கொடுக்க வரும் ஐயருக்கு வீடு காட்டுவதும் எழுபதைத் தாண்டிய பெண்கள். சபைக் கூட்டங்களில் இப்போது சூடாக விவாதிக்கப்படுவது இதிலிருந்து வந்த ஒரு கேள்வி: சபை உறுப்பினர் கட்டுகிற சங்கக் காணிக்கையைத் தவறாமல் ஆன்லைனில் கட்டிவிட்டு ஆண்டுக்கு ஒருமுறை வருகிறவர் சபையாரா, அவருக்குக் கமிட்டித் தேர்தலில் ஓட்டு உண்டா? கோயிலைப் புதுப்பித்த பணம் எங்களுடையது என்கிறார்கள் அவர்கள். மணி அடிக்கிறபோது இங்கே இருக்கிறவர்கள் நாங்கள் என்கிறார்கள் இவர்கள். விதிப்புத்தகத்தை வைத்துக் கமிட்டி தீர்ப்புச் சொல்லிவிடலாம். ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை வருகிறவரின் அம்மாவுக்குத்தான் அந்தக் கஞ்சி போகிறது என்பதால், இவர்களும் அழுத்தி வாதாடுவதில்லை, அவர்களும் வாதாடுவதில்லை.